சொந்தத் தறியில் ஒரு கேம்

சேலத்தில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "அண்ணா, கேம் பண்றதுக்கு எவ்வளவு செலவாகும்?" கருவிக்கு என்று பார்த்தால் ஒரு ரூபாயும் ஆகாது. பதில் சரிதான். ஆனால் அதோடு நிறுத்தினால் பாதி விஷயம்தான் போய்ச் சேரும். இலவசமாகக் கொடுக்கிறவர் யார், என்ன நிபந்தனையில் கொடுக்கிறார், நாளைக்கு அதை மாற்ற முடியுமா, வீட்டில் இருக்கிற பழைய கணினியில் ஓடுமா, தமிழ் எழுத்தை ஒழுங்காகக் காட்டுமா என்பதெல்லாம் மீதிப் பாதி. சாதாரண வீட்டுப் பிள்ளை ஒன்று கேம் செய்து முடிக்குமா, நடுவில் விட்டுவிடுமா என்பதை முடிவு செய்வது இந்த இரண்டாவது பாதிதான்.

முதலில் கருவி என்றால் என்ன என்று பார்ப்போம். ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். கோயில் மண்டபத் தரையிலும் பாறையிலும் கீறி வைத்திருப்பார்களே, அதே ஆட்டம்தான். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. இதை செல்போனில் ஆடும்படி செய்ய வேண்டுமானால் வேலை இரண்டாகப் பிரிகிறது.

ஒன்று, ஆட்டத்தின் விதி. புள்ளிகளுக்கு 1 முதல் 23 வரை எண் போட்டு, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு போகிறது என்று ஒரு பட்டியல் எழுத வேண்டும். புலி வெட்டுவதற்கு இன்னொரு பட்டியல்: நிற்கிற புள்ளி, தாண்டுகிற புள்ளி, இறங்குகிற புள்ளி என்று மும்மூன்று எண்களாக. தாண்டுகிற புள்ளியில் ஆடு இருந்து, இறங்குகிற புள்ளி காலியாக இருந்தால் வெட்டு செல்லும். 15 ஆட்டையும் இறக்கி முடிக்கிறவரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. மூன்று புலிக்கும் போக வழி இல்லையென்றால் ஆடு ஜெயித்தது. எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி என்பதை உங்கள் ஊர் வழக்கப்படி வைத்துக்கொள்ளலாம். எல்லாம் சேர்ந்து ஒரு நோட்டுப் பக்கத்தில் அடங்கிவிடும்.

இரண்டாவது வேலைதான் மலை போன்றது. விரல் எந்தப் புள்ளியில் பட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். திரையை நொடிக்கு 60 தடவை புதிதாக வரைய வேண்டும். புலி குதிப்பது கண்ணுக்குத் தெரியும்படி நகர வேண்டும். வெட்டும்போது சத்தம் வர வேண்டும். சின்ன போனிலும் பெரிய டேப்லெட்டிலும் பலகை கோணாமல் நிற்க வேண்டும். கடைசியில் இதையெல்லாம், ஆண்ட்ராய்டு போனில் நிறுவுகிற ஏபிகே கோப்பாகக் கட்டித்தர வேண்டும். ஒவ்வொரு கேமுக்கும் இது கிட்டத்தட்ட ஒரே வேலை என்பதால், ஒரு தடவை செய்து வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். அந்தத் தொகுப்புக்குப் பெயர் கேம் என்ஜின். விதியை நாம் எழுதினால் போதும், மற்றதை என்ஜின் பார்த்துக்கொள்ளும்.

1990களில் இப்படிப்பட்ட என்ஜினை அடுத்த நிறுவனத்திடமிருந்து உரிமம் வாங்கப் போனால் லட்சக்கணக்கான டாலர் ஆகும். அதற்கு மேல் விற்பனையில் பங்கும் தர வேண்டும். 1997-இல் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் தன் டூம் கேமின் மூல நிரலை, அதாவது கேமை எழுதிய கட்டளைகளை, வெளியே விட்டது ஒரு பெரிய திறப்பு. ஆனால் அதைப் படித்துப் பயன்படுத்த ஏற்கெனவே புரோகிராமராக இருக்க வேண்டும். சேலத்துக்கு இந்த நிலைமை அந்நியமானதில்லை. 1930களில் டி.ஆர்.சுந்தரம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவைத் தொடங்கினார். சென்னைக்குப் போகாமலே அந்த ஸ்டூடியோ நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. அதற்கு அவர் ஒரு வளாகத்தையே கட்ட வேண்டியிருந்தது. கதை சொல்லத் தெரிந்த மற்றவர்கள் அந்த வாசலில் போய் வாய்ப்புக் கேட்டு நின்றார்கள். அந்த வளாகத்தின் நுழைவு வளைவு இன்னும் சாலையோரம் நிற்கிறது.

கேமில் அந்த வாசல் மெதுவாகத் திறந்தது. யூனிட்டி என்கிற என்ஜின் 2005-இல் வந்தது, 2009-இல் இலவசப் பதிப்பு தந்தது. அன்ரியல் என்ஜின் 2014-இல் மாதம் 19 டாலர் என்று இறங்கி, 2015-இல் முன்பணமே வேண்டாம், சம்பாதித்தால் 5 சதவீதம் கொடு என்றது. 2020 முதல் ஒரு கேமின் முதல் 10 லட்சம் டாலர் வருமானத்துக்கு அந்தப் பங்கும் கிடையாது. கோவையிலோ சென்னையிலோ இன்று கேம் வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றில்தான் கை பழகியிருப்பார்கள். அந்த நிறுவனங்கள் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு தலைமுறையே அதில்தான் கற்றுக்கொண்டது.

ஆனால் 2023 செப்டம்பர் 12-ஆம் தேதி யூனிட்டி ஓர் அறிவிப்பு விட்டது. அடுத்த ஜனவரியிலிருந்து, குறிப்பிட்ட வருமானத்தையும் இன்ஸ்டால் எண்ணிக்கையையும் தாண்டிய கேம்களுக்கு, ஒவ்வொரு புது இன்ஸ்டாலுக்கும் கட்டணம். இலவசப் பதிப்பில் செய்த கேமுக்கு அந்த வரம்பு ஓராண்டில் 2 லட்சம் டாலர் வருமானமும் மொத்தம் 2 லட்சம் இன்ஸ்டாலும். தாண்டினால் இன்ஸ்டால் ஒன்றுக்கு 20 சென்ட். சேலத்துப் பிள்ளை எதுவும் அந்த வரம்பை நெருங்கப் போவதில்லை, அதனால் நமக்கென்ன என்று தோன்றலாம். உலகம் முழுக்க சின்ன ஸ்டூடியோக்காரர்கள் கொதித்ததற்குக் காரணம் தொகை மட்டும் இல்லை. பழைய நிபந்தனையை நம்பி வருஷக்கணக்காக உழைத்து ஏற்கெனவே வெளியிட்ட கேமுக்கும் புது நிபந்தனை பொருந்தும் என்று சொன்னதுதான் அவர்களை உலுக்கியது. பத்து நாளில் யூனிட்டி பாதி பின்வாங்கியது. அக்டோபரில் தலைமை அதிகாரி விலகினார். 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணத்தை முழுவதுமாக ரத்து செய்தார்கள். ரத்தானது நல்லதுதான். ஆனால் விதியை மாற்றுகிற அதிகாரம் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.

இதை அம்மாபேட்டையிலோ கொண்டலாம்பட்டியிலோ தறி ஓட்டுகிறவரிடம் சொன்னால் விளக்கம் தேவைப்படாது. சொந்தத் தறிக்கும் அடுத்தவர் தறிக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியும். தறிக்காரர் வாடகையே கேட்காதவராக இருக்கலாம், நல்ல மனிதராகவும் இருக்கலாம். பாவு ஏற்றிப் பாதிச் சேலை நெய்திருக்கும்போது அவர் மனசு மாறினால் என்ன செய்வது என்ற கவலை நெய்கிறவருக்குப் போகாது.

அதனால்தான் இலவசக் கருவிகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். ஒரு நிறுவனம் தன் வியாபாரக் கணக்குக்காக இப்போதைக்குப் பணம் வாங்காமல் தருவது ஒரு வகை. உரிமத்தாலேயே எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது இன்னொரு வகை. இரண்டாவது வகையில் இன்று முன்னால் நிற்பது கோடோ. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் இருவரும் தங்கள் வேலைக்காக உருவாக்கிய என்ஜின் அது. 2014-இல் அதன் மூல நிரலை எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டார்கள். அந்த உரிமம் மூன்று நான்கு சிறு பத்திகள்தான். பயன்படுத்தலாம், பிரதி எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். உரிமக் குறிப்பை மட்டும் கூடவே வைத்திருக்க வேண்டும். அதில் செய்த கேம் முழுக்க உங்களுடையது, யாருக்கும் பங்கு கிடையாது. நாளைக்கே கோடோவை நடத்துகிறவர்கள் மனம் மாறினாலும், இன்று நீங்கள் இறக்கி வைத்திருக்கிற பதிப்பின் மேல் உங்களுக்குள்ள உரிமையை யாரும் திரும்ப எடுக்க முடியாது. 2023-இல் யூனிட்டி களேபரம் நடந்தபோது டெராரியா கேமைச் செய்த ரீலாஜிக் நிறுவனம் கோடோவுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தது. அவர்கள் கோடோவைப் பயன்படுத்துகிறவர்கள் கூட இல்லை. இப்படி ஒன்று உலகத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்தார்கள்.

முப்பரிமாண உருவங்கள் செய்கிற பிளெண்டரின் கதையும் இங்கே சொல்ல வேண்டியது. அதை வைத்திருந்த நிறுவனம் 2002-இல் மூழ்கியது. உருவாக்கிய டான் ரூசெண்டால் முதலீட்டாளர்களிடம் பேசி, ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் நிரலைப் பொதுவில் விடலாம் என்ற சம்மதத்தை வாங்கினார். பயன்படுத்துகிறவர்களிடமே கேட்டார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது. 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்விய நாட்டுப் படம் பிளெண்டரில் செய்ததுதான். இலவசக் கருவி என்றால் தரம் குறைந்தது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். ஓவியத்துக்கு கிரிட்டா, ஒலிக்கு ஆடாசிட்டி என்று மற்ற வேலைகளுக்கும் இதே மாதிரி பொதுச் சொத்தான கருவிகள் இருக்கின்றன.

சரி, கருவி கையில் வந்துவிட்டது. முதல் தடவையாக "சேலம்" என்று திரையில் எழுதிப் பார்க்கிறோம். கோடோவின் பழைய பதிப்புகளில் அது "சலேம்" என்று வரும். கணினி சேமித்து வைக்கிற வரிசை ச, அப்புறம் ஏகாரக் கொம்பு, அப்புறம் ல, ம், என்றுதான். கொம்பை முன்னால் கொண்டுபோய் வைத்துக் காட்டுவது எழுத்தை வரைகிற மென்பொருளின் பொறுப்பு. அந்த அறிவு இல்லாத என்ஜின், வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வரையும். கொம்பு ல-வுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும். "சேர்வராயன்" இன்னும் மோசமாக வரும். யூனிட்டியிலும் நெடுங்காலம் இதே தொல்லைதான். தமிழில் கேம் செய்தவர்கள் எழுத்தைப் பழைய எழுத்துருக் குறியீட்டுக்கு மாற்றி ஒட்டினார்கள், அல்லது ஒவ்வொரு வசனத்தையும் படமாகவே போட்டார்கள். பலர் வெறுத்துப்போய் ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்கள்.

2023 மார்ச்சில் வந்த கோடோ 4 இதைத் தீர்த்தது. ஹார்ஃப்பஸ் என்கிற பொது நூலகத்தை உள்ளே சேர்த்தார்கள். பல மொழி எழுத்துகளைச் சரியான வடிவத்தில் அடுக்குவதுதான் அதன் வேலை. நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கவிவனார் என்று இலவச எழுத்துரு ஏதாவது ஒன்றைக் கோப்பில் போட்டால் சேலம் சேலமாகவே வருகிறது. என்னைக் கேட்டால், நம்மூர்ப் பிள்ளைகளுக்குக் கருவியைத் திறந்துவிட்டதில் விலைக் குறைப்பைவிட இதற்குப் பங்கு அதிகம். தன் ஊர்ப் பெயரையே தப்பாகக் காட்டுகிற கருவியில் எந்தப் பிள்ளை ஆசையாக உட்காரும்?

அடுத்தது இயந்திரம். அன்ரியலை நிறுவப் பத்துக்கணக்கான ஜிபி இடம் வேண்டும், நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். கோடோவின் பதிவிறக்கம் ஏறக்குறைய நூறு எம்பிதான். நிறுவ வேண்டியதுகூட இல்லை. கோப்பைப் பிரித்து இரண்டு தட்டு தட்டினால் ஓடும். கணக்கு தொடங்கத் தேவையில்லை, லாகின் கிடையாது. சேர்வராயன் மலையில் உள்ளே தள்ளி இருக்கிற ஊர்களில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். அங்கே இதன் அருமை தெரியும். கீழே சேலத்தில் யாராவது இறக்கி பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதும், அதற்குப் பிறகு இணையமே இல்லாமல் வேலை செய்யலாம். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளமும் இருந்தது. அந்த மாதிரிப் பழைய கணினியில் புதுத் திட்டம் தொடங்கும்போது "கம்பாட்டிபிலிட்டி" என்கிற வரைமுறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவும் திணறினால் கோடோ 3 இன்னும் கிடைக்கிறது. தமிழ் எழுத்துத் தொல்லை மட்டும் திரும்ப வரும்.

கணினியே இல்லாத வீடுகள்தான் அதிகம். அங்கே செல்போன் இருக்கிறது. கோடோவின் எடிட்டரே ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரில் கிடைக்கிறது. ஆறு அங்குலத் திரையில் அதை வைத்து வேலை செய்வது கஷ்டம், பொய் சொல்லக் கூடாது. டேப்லெட் என்றால் பரவாயில்லை. போன் மட்டும்தான் என்கிற பிள்ளைக்கு ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் தொடங்கிய கேட்ரோபாட் திட்டத்தின் பாக்கெட் கோட் பொருத்தமானது. கட்டைகளை அடுக்குகிற மாதிரி கட்டளைகளை அடுக்கி, போனிலேயே கேம் செய்து போனிலேயே ஆடலாம்.

கட்டளைக் கட்டை என்றதும் ஸ்கிராட்ச் ஞாபகம் வரும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழு 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச், தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசி அலகில் பாடமாகவே இருக்கிறது. அலகின் பெயர் "காட்சித் தொடர்பு". கடைசி அலகுக்கு என்ன கதி என்று பொதுத்தேர்வு எழுதிய எல்லோருக்கும் தெரியும். கேள்வி பதிலாக மனப்பாடம் செய்துவிட்டுப் போவார்கள், ஸ்கிராட்சில் வருகிற பூனையை ஓடவிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். பதினோராம் வகுப்பு கணினி அறிவியலில் சி++, பன்னிரண்டில் பைத்தான். கோடோவில் எழுதுகிற ஜிடிஸ்கிரிப்ட் மொழியின் அமைப்பு பைத்தானைப் போன்றதே. ஆக, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் லிஸ்ட்டும் ஃபார் லூப்பும் படித்த பிள்ளைக்கு, நான் மேலே சொன்ன ஆடுபுலிப் பட்டியலை எழுதுகிற அறிவு ஏற்கெனவே இருக்கிறது. பாடத்திட்டத்தில் படிக்கட்டு எல்லாம் கட்டியாகிவிட்டது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் கை கொடுக்கத்தான் ஆள் இல்லை. அரசுப் பள்ளி ஹைடெக் லேபை வாரத்தில் ஒரு சாயங்காலம் இதற்குத் திறந்து, ஓர் ஆசிரியரோ கல்லூரி மாணவரோ உட்கார்ந்தால் பெரிய மாற்றம் வரும் என்று உறுதியாக நம்புகிறேன். சொல்லிக்கொடுக்கப்போகும் கருவி எது என்பதும் முக்கியம். பொதுப் பணத்தில் நடக்கிற பள்ளியில் பொதுச் சொத்தான கருவியைத்தான் முதலில் கற்பிக்க வேண்டும்.

இதற்கு வீட்டிலிருந்து வருகிற தடை வேறு. கேம் என்றாலே அப்பா அம்மாவுக்கு ரம்மி ஞாபகம் வருகிறது, கடன் ஞாபகம் வருகிறது. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், பணம் போன வீடுகள் நிறைய. பணம் கட்டி ஆடுகிற ஆட்டங்களுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2023-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடு முழுவதற்கும் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பந்தயம் இல்லாத கேமையும் இ-ஸ்போர்ட்ஸையும் ஊக்குவிப்பதாகவும் அதே சட்டம் சொல்கிறது. கேம் ஆடுவது வேறு, கேம் செய்வது வேறு என்று பெற்றோருக்குப் புரிய, பிள்ளை செய்த ஆடுபுலி ஆட்டத்தைத் தாத்தாவிடம் கொடுத்து ஆடச் சொல்வதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

என்ன செய்வது என்று யோசிக்கிற பிள்ளைகளுக்கு ஊரே விடை வைத்திருக்கிறது. ஏற்காடு பஸ்ஸை 20 கொண்டை ஊசி வளைவில் ஏற்றுவது ஒரு கேம். மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழிவிட வேண்டும் என்கிற மலைப்பாதை விதியே அதில் ஆட்டத்தின் விதியாகிவிடும். தட்டுவடை செட் கடை இன்னொன்று. ஒருவருக்குக் காரம் தூக்கலாக, ஒருவருக்கு வெங்காயம் இல்லாமல், கூட்டம் சேரச் சேரக் கை வேகமாக ஓட வேண்டும். ஆடி மாதம் வண்டி வேடிக்கைக்கு வண்டி ஜோடிப்பது, கொலுசுப் பட்டறையில் சலங்கை கோர்ப்பது என்று எத்தனையோ இருக்கிறது. சேலத்தின் குகை, செவ்வாய்ப்பேட்டைப் பகுதிகளில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரிந்த இந்த விவரம் கலிபோர்னியாவில் இருக்கிற ஸ்டூடியோவுக்குத் தெரியாது. பஸ் ஹார்ன், பட்டறைச் சத்தம் எல்லாம் போனிலேயே பதிவு செய்யலாம். படம் வரையத் தெரியாவிட்டால் கென்னி என்கிற தளத்தில் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று விட்டிருக்கிற ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. இதிலிருந்து பணம் வருமா என்றால், பெரும்பாலான கேம்களுக்கு வராது. அதை முன்னாலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

கடைசித் தடை, செய்ததை மற்றவர் கையில் சேர்ப்பது. செய்கிற கருவி இலவசமானாலும் கடை வாசலில் காசு கேட்கிறார்கள். கூகுள் பிளேவில் ஒரு தடவை 25 டாலர், அதாவது இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் திறந்த கார்டும் வேண்டும். ஆப்பிளில் வருஷத்துக்கு 99 டாலர். கணினி கேம் விற்கிற ஸ்டீம் தளத்தில் கேம் ஒன்றுக்கு 100 டாலர். 2023 நவம்பருக்குப் பிறகு பிளேவில் தனிநபர் கணக்குத் தொடங்கியவர்கள், வெளியிடும் முன் ஆட்களைச் சேர்த்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்துக் காட்ட வேண்டும். முதலில் 20 பேர் என்று இருந்ததை 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். பிளேவுக்கு வெளியே ஏபிகேயாகப் பகிர்வதற்கும், செய்தவர் யார் என்று சரிபார்க்கும் முறையைக் கொண்டுவரப் போவதாக கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. மாணவர்களுக்கும் பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்கும் தனி வகைக் கணக்கு உண்டு என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் முதல் கேமைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். கோடோவில் வெப் என்று ஏற்றுமதி செய்து, யாரும் தங்கள் கேமைப் போடக்கூடிய இட்ச் தளத்தில் போட்டால் செலவே இல்லை, வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பினால் பெரும்பாலான போன்களில் உலாவியிலேயே திறக்கும். ஆடிப் பார்க்கிற நண்பர்களில் பன்னிரண்டு பேரின் மின்னஞ்சலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது கேமை பிளேவில் போடும்போது தேவைப்படும்.